செருப்பு நூலில் கட்டிய முள்

"சார், இந்த நூலு போதுமா, இன்னும் கெட்டியா போடவா?"

நேற்று சாயங்காலம் ஆம்பூர் பஜாரில் செருப்பு தைப்பவர் என்னிடம் கேட்டார். வார் அறுந்த என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, மெழுகு தடவிய வெள்ளை நைலான் நூலை ஊசியில் கோத்தபடி நிமிர்ந்து பார்த்தார். அந்த மெழுகு வாசனை மூக்கில் ஏறியதும் நான் நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாவது முறை கேட்டார். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுச் சாலையைப் பார்த்து நின்றேன். தைத்து முடித்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்குப் போகவில்லை. உன் வீட்டுக்குப் போனேன்.

அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இன்று காலை எழுத உட்கார்ந்தேன். நீ கண்ணை மூடி, வருகிற மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. உனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டும்போது படிகளை விட்டுவிடக் கூடாது என்று முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தவன் நான். முதலிலிருந்தே எழுதுகிறேன்.

நீ ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற கட்டிங் டேபிள்காரன். தோலை விரல் நுனியால் ஒரு தடவு தடவி, எங்கே வடு, எங்கே நெகிழ்ச்சி என்று சொல்லிவிடுவாய். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலங்காயத்துக்கு அப்பால் உள்ள பெரிய ஏரிக்கு மீன் பிடிக்க என் வண்டியில் போவோம். பரிசலை நான் மெல்லத் துழாவ, நீ தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு இழுத்துக்கொண்டே வருவாய். இரைக்குப் புழு கிடையாது. வெட்டி எறிந்த ஆட்டுத்தோல் துண்டில் நீ செய்த பொய் மீன்கள்தான். வால் பக்கம் இரண்டாகக் கீறிவிட்டால் தண்ணீரில் உயிருள்ளதுபோல் நெளியும். ஒருமுறை பளபளப்பான பூச்சுத்தோலில் செய்து கொண்டுவந்தாய். அன்று முழுக்க ஒரு வாளை மீனும் அதைத் தொடவில்லை.

"நம்ம கம்பெனிக்கு வர்ற ஃபாரின் பையர் மாதிரி வாத்தியாரே இந்த வாளை. சாம்பிளை மோந்து பாத்துட்டு ரிஜெக்ட் பண்ணிடுச்சு" என்றாய்.

ஒரே நரம்பில் மூன்று மீன்கள் கட்டுவது உன் யோசனை. நுனியில் பெரியது ஒன்று. அதற்கு மேலே, இரு கை விரித்த அளவு தள்ளித் தள்ளி, ஒரு சாண் நீளக் கிளை நரம்புகளில் சின்னவை இரண்டு. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு தூண்டில் முள். சின்னதைப் பெரிசு துரத்துவதுபோல் தெரிய வேண்டும் என்றாய். எனக்கு உடனே புரிந்தது. காலியான டீக்கடையில் ஒருவனும் நுழையமாட்டான். நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் தானாக வந்து நிற்பான். வாளைக்கும் அப்படித்தான்.

கிளைகளில் மட்டும் நீ கண்டிப்பு. "கிளைக்கு மெல்லிசு நரம்புதான். எங்கன்னா மாட்டிக்கினா அது மட்டும் பிச்சிக்கினு போவணும்."

"அதுக்குப் பேருதான்யா ஃபியூஸ்" என்று நான் ஆரம்பித்தேன். வீட்டைக் காப்பாற்ற ஒரு கம்பி எரிந்துபோவதை ஏரி நடுவில் விளக்கினேன்.

"மீனு புடிக்க வந்தா பாடம் எடுக்கிறியே. பேஜார் புடிச்ச ஆளுய்யா நீ" என்று தண்ணீரை அள்ளி என்மேல் தெளித்தாய்.

ஃபியூஸ் பாடம் நடத்திய நான்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தண்ணீருக்குள் இருந்த பட்ட மரத்தில் சிக்கி வாரா வாரம் ஒன்றிரண்டு கிளைகள் அறுந்துபோயின. ஒவ்வொரு தோல் மீனுக்கும் நீ ஒரு சாயங்காலத்தைச் செலவழித்திருப்பாய். எனக்கு மனசு கேட்கவில்லை. என் பையின் வாரைத் தைக்க நீ கொடுத்த மெழுகு தடவிய செருப்பு நூல் வீட்டில் மிச்சம் இருந்தது. சனிக்கிழமை கிளைகள் இரண்டையும் அதில் கட்டினேன். உன்னிடம் சொல்லவில்லை. ஒன்றுகூட அறுந்துபோகாமல் திரும்பும்போது சொல்லி, நீ அசந்துபோவதைப் பார்க்கலாம் என்றிருந்தேன்.

மறுநாள் ஒரு வாளை, நுனியிலிருந்த தோல் மீனைத்தான் பிடித்தது. நல்ல கனம். நீ கைமேல் கை வைத்து இழுத்தாய். முதல் கிளையைத் தாண்டினாய். இரண்டாவது கிளை உன் கைக்கு வந்த நேரத்தில் வாளை அடியில் பாய்ந்தது. ஓடிய நரம்போடு கிளையின் முள் உன் வலது கட்டைவிரலில் இறங்கியது. மெல்லிய நரம்பாக இருந்திருந்தால் அந்த இழுப்பிலேயே அறுந்திருக்கும், காயம் மேலோடு நின்றிருக்கும். செருப்பு நூல் அறுந்துபோகவில்லை. மீன் இழுக்க இழுக்க முள் எலும்புவரை போனது. "கத்தி, கத்தியை எடு" என்று கத்தினாய். பரிசல் சுழன்றது. நான் துடுப்பைப் போட்டுவிட்டுக் கத்தியைத் தேடி நரம்பை அறுப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நீ விரலிலிருந்து தொங்கிய நூலை இடது கையால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தாய். உன் கைக்கு அது என்ன நூல் என்று தெரியாதா? என்னைப் பார்த்தாய். "கரைக்கு உடு வாத்தியாரே" என்றாய். அவ்வளவுதான்.

வாசலிலேயே உன் வீட்டம்மா, "இன்னாய்யா இது? யாரு கட்டனது இப்பிடி?" என்று அலறினார். நீ யோசிக்கவே இல்லை. "நான்தான். புத்தி கெட்டுப்போய் கட்டிட்டேன்" என்றாய். நான் இரண்டடி பின்னால், பரிசலில் நனைந்த வேட்டியோடு நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. தெருவே "சார்" என்று கூப்பிடும் ஆள் அல்லவா நான்.

உனக்குச் சர்க்கரை இருந்தது. விரல் சீழ் பிடித்தது, பாதியை எடுத்தார்கள். கட்டைவிரல் இல்லாமல் தோல் வெட்ட முடியாது. கம்பெனியில் உன்னை அட்டைப்பெட்டி மடிக்க உட்கார வைத்தார்கள். தோலைத் தொட்டே நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்தவன் பேச்சைக் குறைத்துக்கொண்டாய். அதன் பிறகு நீயும் நானும் ஏரிப் பேச்சையே எடுக்கவில்லை. கடைசியில் கிட்னி உன்னைக் கொண்டுபோயிற்று.

நேற்று நான் போனபோது உன் வீட்டம்மா ஷூ மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். "அன்னிக்கு அந்தக் கிளையைக் கட்டினது நான்தாம்மா. அவன் இல்ல."

அவர் அந்தத் தையலை முடித்த பிறகுதான் ஊசியைக் கீழே வைத்தார்.

"ஏழு வருஷம் சார். 'உன் பொம்மை மீனாலதான் நம்ம பொழப்பு போச்சு'ன்னு அந்த மனுஷனைப் பேசாத நாளில்ல. ஆஸ்பத்திரி கட்டில்லகூடப் பேசனேன். ஒருவாட்டிகூட இல்லன்னு சொல்லலையே சார்."

என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களும் அப்போ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கினுதானே இருந்தீங்க?"

"ஆமாம்மா."

"வூட்டுக்குப் போங்க சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை.

உண்மையைச் சொன்னால் விடைத்தாளில் தவறான மதிப்பெண்ணைத் திருத்துவதுபோல் உன் பெயர் சரியாகிவிடும் என்று நினைத்தேன். உன் பெயர் சரியாகத்தான் ஆயிற்று. ஆனால் தவறு செய்யாத மனிதனைச் சாகும்வரை திட்டிய பாரத்தை நேற்று அவர் தலையில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன். நீ அத்தனை வருஷம் வாய் திறக்காமல் இருந்தது எனக்காக மட்டும்தான் என்று எண்ணியிருந்தேன். பிற்பாடு அவருக்காகவும் இருந்திருக்கலாம் என்று திரும்பி வரும் வழியில்தான் தோன்றியது. யாரிடம் கேட்பது? உன்னிடம் மன்னிப்புக் கேட்க வழி இல்லை. அவரிடம் கேட்க எனக்குத் தகுதி இல்லை. இனி அந்தத் தெரு வழியாக நான் போக முடியாது.

இந்தக் காகிதம் உனக்கு வந்து சேராது. வேறு யாராவது படித்து, அவரும் ஏரிக்குப் போகிறவராக இருந்தால், அவருக்கு ஒன்று சொல்கிறேன். கிளை கட்டி முடித்ததும் அதன் முள்ளை ஒரு கதவுத் தாழ்ப்பாளில் மாட்டுங்கள். நரம்பின் மறுமுனையைக் கையில் சுற்றாமல் ஒரு குச்சியில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பலம் கொண்டமட்டும் இழுத்துப் பாருங்கள்; கிளை அறுந்தால் மட்டும், அதே நூலில் இன்னொன்று கட்டிக்கொண்டு பரிசலில் ஏறுங்கள்.