தங்கும் காரணம்: கணவர்

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், பக்கத்தில் இருந்து பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. போனில் பேசினால் நமக்குள் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

என் விசா ஜூனோடு முடிகிறது. இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்துவிட்டதால் இனி நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்கலாமாம். குடியேற்ற ஆபீஸுக்குப் போனேன். என் விசா அட்டையில்தான் 'தங்கும் காரணம்: கணவர்' என்று போட்டிருக்கிறதே, கவுன்ட்டரில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சேர்ந்துதானே இருக்கீங்க? அவரையும் கூட்டிட்டு வாங்க, அவர் வாயால சொல்லணும்" என்றாள். நான் என்ன சொல்வது? மூன்று மாத வேலை என்று சொல்லி அந்த ஊருக்குப் போன நீங்கள் ஒரு வருடமாகத் திரும்பவில்லை. ஆனால் வாடகையில் பாதி வருகிறது. உங்கள் செருப்பு வாசலிலேயே கிடக்கிறது; பெருக்கும்போது எடுத்து, திரும்ப அங்கேயே வைக்கிறேன். இதற்குப் பெயர் சேர்ந்து இருப்பதா, இல்லையா? நீங்கள் வந்து சொல்லாவிட்டால் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அளவு பார்த்துக் கண்ணாடி மாட்டி அனுப்புகிறேன். எனக்குத்தான் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி (ஆபீஸ் ஒத்துக்கொண்டால்)

மார்ச் 13

என் கண்ணாடிக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. படித்து மண்டை காய்ந்துவிட்டது. வருகிறேன், ஆனால் என்ன சொல்ல? எங்கள் லிஃப்ட் கம்பெனியில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். "ஆமான்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டு வாடா" என்கிறான் என்னோடு அறையில் இருக்கும் தாடி. சூப்பர்வைசரோ, "வீட்டுக்கே வந்து அலமாரியத் தெறந்து பாப்பாங்க, ஜாக்கிரதை" என்கிறார். அலமாரியில் என் சட்டை இருக்கிறதா? லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். இதற்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் மனதில் ஓடுகிறது, மறைக்க மாட்டேன். அந்த உரிமை கிடைத்துவிட்டால் உனக்கு நான் எதற்கு? அதற்கு நானே வந்து வழிவிட வேண்டுமா? இப்படி நினைப்பது சரியா, தப்பா என்றும் புரியவில்லை.

சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே.

உன்,
கணவன்தான்

மார்ச் 21

அன்புள்ள உங்களுக்கு,

'உனக்கு நான் எதற்கு' என்று நீங்களா கேட்கிறீர்கள்? "என் விசாவுல நின்னுக்கிட்டு என்னையே எதிர்த்துப் பேசுறியா?" என்று சொன்னதும் இதே வாய்தானே? அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். மறுவாரமே நீங்கள் அந்த ஊர் வேலையை ஒத்துக்கொண்டீர்கள். அன்றிலிருந்து நீங்கள் அன்பாக எதைச் சொன்னாலும், நான் அன்பாக எதைச் சொன்னாலும், நடுவில் அந்த விசா வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் உங்களோடு இருந்தது உங்களுக்காகவா, அட்டைக்காகவா? எனக்கே குழம்பிவிட்டது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

இனி புதுச் செய்தி. மறுபடியும் ஆபீஸுக்குப் போனேன். இந்த முறை பக்கத்து கவுன்ட்டர். அங்கே ஒரு வழுக்கைத் தலைக்காரர் என் சம்பளச் சீட்டுகளைப் புரட்டிவிட்டு, "நீங்களே சம்பாதிக்கிறீங்க, வரி கட்டுறீங்க. உங்க பேர்லயே கேக்கலாமே, வீட்டுக்காரர் எதுக்கு?" என்கிறார். அன்றைக்கு நீங்கள் இல்லாமல் முடியாது. இன்றைக்கு நீங்கள் தேவையே இல்லை. ஒரே ஆபீஸ்தான்! யாரை நம்புவது? இருந்தாலும் என் பேரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் வர வேண்டாம்.

சட்டை இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

ஏப்ரல் 2

என் கண்ணாடிக்காரிக்கு,

லீவு சொல்லி, பஸ் டிக்கெட்டும் எடுத்த பிறகு உன் கடிதம் வந்தது. வர வேண்டாம் என்று எழுதிய கையே சட்டை இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறது. இதில் நான் எதை எடுத்துக்கொள்ள? ஆபீஸுக்கு வர வேண்டாம் என்கிறாயா, வீட்டுக்கே வர வேண்டாம் என்கிறாயா? தாடியிடம் கேட்டால், "உன் பொண்டாட்டி மனசு எனக்கெப்படிடா தெரியும்?" என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறான்.

நான் சொன்ன அந்த வார்த்தை எனக்கும் மறக்கவில்லை. அதனால்தான் வாசல்வரை வரக்கூடத் தைரியம் இல்லை. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீ சொல்லும்வரை வர மாட்டேன்.

உன்,
என்ன போடுவதென்று தெரியவில்லை

ஜூன் 9

அன்புள்ள உங்களுக்கு,

கிடைத்துவிட்டது. இனி யாரும் என்னை இங்கிருந்து போகச் சொல்ல முடியாது, நீங்கள் உட்பட. புது அட்டையில் 'தங்கும் காரணம்' என்ற வரியே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு என்று கேட்காதீர்கள், தெரிந்தால் சொல்ல மாட்டேனா? கடைக்குப் போனதும் முதலாளியம்மாவும், "கெடச்சதுக்கா அழறே, கெடைக்காததுக்கா?" என்று கேட்டுவிட்டு அரைநாள் லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பெருக்கினேன். உங்கள் செருப்பைக் கையில் எடுத்தேன். சட்டப்படி இனி நீங்கள் எனக்குத் தேவையில்லை. இப்போது அதைத் திரும்ப வைத்தால் அது விசாவுக்காக இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. தூசி தட்டி அங்கேயே வைத்திருக்கிறேன்.

அந்தக் கவுன்ட்டர் பெண் இனி அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டாள். நான் கேட்கிறேன். நாம் சேர்ந்துதானே இருக்கிறோம்? பதில் எழுத வேண்டாம். வந்து, உங்கள் வாயால் சொல்லுங்கள்.

நான்