நாற்பத்தேழு பேர் பிழைத்த உலகம்

சென்னை
4.3.2024

அன்புள்ள அம்சாவுக்கு,

இருபத்திரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதே, முதலில் படி. நீ கரியாலூர் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருப்பதை ஊரில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

நம் 'உப்பு மழை' உயிரோடு இருக்கிறது! நீ கதை எழுத, நான் படம் போட, உளுந்தூர்பேட்டையில் ஜெராக்ஸ் எடுத்து, நடவுக்குப் போகிற பெண்களின் சோற்றுத் தூக்கில் மறைத்து ஊர் ஊராக அனுப்பினோமே, அந்தப் பன்னிரண்டு காமிக்ஸ் இதழையும் யாரோ காலேஜ் பிள்ளைகள் செல்போனில் சுற்றில் விட்டிருக்கிறார்கள். இங்கே ஒரு பதிப்பாளர் புத்தகமாகப் போட வருகிறார். உப்பு மழையில் சமவெளி அழிந்து, மிச்சமிருப்பவர்கள் கல்வராயன் மலை ஏறுகிற கதை இப்போதுதான் எடுபடுமாம். அட்டையில் உன் பெயர்தான் முதலில்.

ஒரே ஒரு திருத்தம். உலகமே அழிந்த பிறகு நாற்பத்தேழு பேர் பிழைப்பது ஜாஸ்தி, ஐந்து பேர் போதும் என்கிறார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஒப்பந்தத்தை இதோடு வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன்னிடம் சொல்லாமல் ஊரைவிட்டு வந்தது தப்புதான்.

உன் நண்பன்,
பகலவன்


கரியாலூர்
11.3.2024

பகலவா,

நீ சுகம்தானே? போன் பண்ணியிருப்பேன். இங்கே டவர் பாதியில் போய்விடும், திட்டுவதை முழுசாகத் திட்ட முடியாது. அதனால் கடிதம்.

யாரைக் கேட்டுச் சரி என்றாய்? அந்த நாற்பத்தேழு பேர் யார் என்று மறந்துவிட்டதா? நாற்பத்தாறு பேர் களமருதூரில் நம் தெரு. எல்லாம் நிஜப் பேர், நிஜ மூஞ்சி. மூன்றாம் இதழில் தன் பேர் இல்லையென்று ராஜாம்பாள் அக்கா சேற்றுக் காலோடு வந்து நின்றாளே! "இன்னாடி அம்சா, எல்லாரும் பொழச்சி மலை ஏறிப் போய்க்கினு இருக்காங்க, நான் மட்டும் உனக்கு இன்னா பாவம் பண்ணேன்? என்னையும் ஏத்துடி!" ஏற்றினோம். அடுத்து காசிநாதன் மாமா வந்து, தன்னோடு தன் ஆட்டையும் ஏற்றச் சொன்னார். நீதான் சிரித்துக்கொண்டே ஆட்டையும் வரைந்தாய்.

அதுவரை நம் ஆட்களின் பேரை எழுதி வைத்தது ரேஷன் கடையிலும் ஓட்டுச்சாவடியிலும்தான். நாம் உலகம் முடிந்ததற்கு அப்புறமும் எழுதி வைத்தோம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தலை நிமிரும்.

நாற்பத்தேழாவது ஆள் பண்ணைக்காரர் சுப்புராயன். மலைமேல் சாமைக்கஞ்சி வரிசையில் அவரைக் கடைசியாக நிற்க வைத்தோம் என்றுதானே அவர் ஆட்கள் இதழ்களைக் களத்தில் போட்டுக் கொளுத்தினார்கள்? அந்த வாரமே நீ பஸ் ஏறிவிட்டாய். நான் மறுநாள் அவர் வயலுக்கே களையெடுக்கப் போனேன். அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. இப்போது அதைவிட ஜாஸ்தி.

உன் பதிப்பாளரிடம் சொல். அவர் எழுதுகிற கதையில் ஐந்து பேர் பிழைக்கட்டும். என் கதையில் ஒரு தலை குறைந்தாலும் புத்தகமே வேண்டாம். ஒப்பந்தத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அம்சவள்ளி


சென்னை
2.4.2024

அன்பு அம்சா,

திட்டு முழுசாக வந்து சேர்ந்தது.

உன் கடிதத்தைப் பதிப்பாளர் மேசைமேல் வைத்தேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் கிளம்பிவிடுவதென்று அந்த ஜெராக்ஸ் இதழ்களைக் கையில் எடுத்துக்கொண்டேன். படித்தார். சிரித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாப்பத்தேழு பேரும் இருக்கட்டும் சார். இல்லன்னா ராஜாம்பாள் அம்மா இங்கயே வந்து நின்னுடுவாங்க" என்றார். ஆடும் இருக்கிறது.

அன்றைக்கு நான் பயந்துதான் ஓடினேன். இந்தத் தடவை ஓடவில்லை. அதை உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

ஜெராக்ஸில் மங்கிப்போன முகங்களைத் திரும்ப வரைய உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எண்ணினேன். நீ இல்லை! தெருவையே ஏற்றிவிட்டு உன்னை விட்டுவிட்டாய். வரைந்த நானும் கவனிக்கவில்லை, எனக்கே வெட்கமாக இருந்தது. கடைசிப் பக்கத்தில், கஞ்சிப்பானைக்குப் பக்கத்தில் கரண்டியோடு உன்னை நிற்க வைத்துவிட்டேன். இதையும் கேட்காமல்தான் செய்தேன். திட்டு.

பகலவன்


களமருதூர்
20.8.2024

அன்புள்ள பகலவனுக்கு,

புத்தகக் கட்டு வந்தது. லீவு போட்டு ஊருக்குக் கொண்டுவந்து, நம் தெரு மாரியம்மன் கோயில் முன்னால் வைத்துப் பிரித்தேன். ராஜாம்பாள் அக்காவுக்குக் கண் தெரியவில்லை, தன் பேரை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். காசிநாதன் மாமா போய் நாலு வருஷமாகிறது. அவர் மகள் பூமாலை, "எங்கப்பா இதுல சாவல, பாருங்க" என்று வீடு வீடாகக் காட்டிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் சுப்புராயன் மகன் அய்யப்பன் பைக்கில் வந்து இறங்கினார். இதையும் கொளுத்த வந்தாரோ என்று கட்டை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். "எங்கப்பா பேரும் இருக்குதாமே" என்றார். பக்கத்தை எடுத்துக் காட்டினேன். நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கஞ்சி குடுத்தீங்களா?"

"குடுத்தோங்க. எல்லாருக்கும் ஊத்தன அதே கரண்டிதான்."

ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். இந்தக் கதையை எழுதியவள் நான்தான் என்று அந்த நிமிஷம் கத்த வேண்டும் போலிருந்தது.

நீ வரைந்த என்னையும் பார்த்தேன். மூக்கு கொஞ்சம் பெரிசு. போகட்டும்.

அப்புறம் உன்னைத் தேடினேன். பக்கம் பக்கமாக, வரிசை வரிசையாகத் தேடினேன். நீயும் இல்லை. தெருவே மலைமேல் இருக்கும்போது நீ மட்டும் கீழே உப்பில் நின்றுகொண்டு என்ன செய்கிறாய்?

பதின்மூன்றாம் இதழுக்குக் கதை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். முதல் கட்டத்தில் ஒருவன் தனியாக மலை ஏறி வருகிறான். வரிசையில் இருப்பவர்கள் நகர்ந்து இடம் விடுகிறார்கள். அவன் பேரை நான் எழுதிவிட்டேன். முகத்தை நீயே வரைந்துகொள்.

உன்,
அம்சா