தெளிந்த தண்ணீர்

2012 மார்ச் 9, வெள்ளி

எங்கள் இறால் பண்ணையில் வெள்ளைப்புள்ளி நோய். செத்த இறாலை அள்ளிய கையோடு வாப்பா, கிருமி கொல்லும் மருந்து போடாமலே தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டிருக்கிறார். அந்த வாய்க்கால் நீர்தான் வாப்பாவின் தம்பி, என் சாச்சாவின் பண்ணைக்கும் போகிறது.

"தண்ணி தெளிவாத்தானே மகள் இருந்திச்சு?"

அவர் உருட்டி ஓதும் தஸ்பீஹ் மணியில் நூலைச் சுற்றிக் காட்டினேன். வைரஸின் டிஎன்ஏ அதன் உடம்பை விடப் பல மடங்கு நீளம். டிஎன்ஏவைச் சுருட்டி வைக்கும் ஹிஸ்டோன் போன்ற ஒரு புரதத்தோடு சேர்ந்து சுருண்டு, கண்ணுக்கே தெரியாத கூட்டுக்குள் அடங்கிவிடும் என்றேன்.

"அப்ப தம்பிட பண்ணைக்கும் போயிருக்குமா?"

"ஓம் வாப்பா."

ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு சாச்சா வந்தார். "கவலப்படாதீங்க காக்கா, என்ட இறால்ல பாதி உங்களுக்குத்தான்" என்றார். வாப்பா தலை நிமிரவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டதை நானும் சொல்லவில்லை.

பல்கலைக்கழகத்தில் இந்த வைரஸைப் பற்றி எழுதித்தான் நல்ல பெறுபேறு எடுத்தேன். அது தண்ணீரில் பரவும் என்று வாப்பாவிடம் இன்றைக்குத்தான் சொன்னேன்.