எரிச்சல் நின்ற பிறகு

தை 19, வெள்ளி
காலையிலிருந்து தூறல். தோள் இரண்டும் வீக்கம். நேற்று பத்துமலையில் பால்காவடி. ஒரு வருஷத்து வேண்டுதல் தீர்ந்தது.

நெஞ்செரிச்சல் நிற்கட்டும், காவடி எடுக்கிறேன் என்று போன பூசத்தில் முருகனிடம் சொன்னது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய நாளிலேயே எரிச்சல் உண்டு. கிள்ளானில் மளிகைக் கடை வைத்த பிறகு தினப்படி. மிளகாய் வியாபாரி நுனியைக் கடிக்காமல் மூட்டை எடுக்க முடியாது. புளியும் அப்படியே. வெறும் வயிற்றில் அதுதான் என் காலைப் பசியாறல். எரிந்தால் ஆப்பசோடா ஒரு கரண்டி, ஒரு ஏப்பம், பிறகு வியாபாரம்.

ஐப்பசி கடைசியில் எரிச்சல் தானாக நின்றது. சோடா டப்பாவைச் சாக்கடையில் வீசினேன். ஊரெல்லாம் சொன்னேன்.

நேற்று காவடி இறக்கி அன்னதானத்தில் உட்கார்ந்தேன். முதல் கவளம் நெஞ்சுக்குழியில் நின்றது. கீழே போகவில்லை, மேலே வரவில்லை. தண்ணீர் குடித்தேன், மூக்கு வழியாக வந்தது. என் வீட்டுக்காரி பாக்கியத்தின் தம்பி ரத்தினம் முதுகில் தட்டினான். "மெதுவா மச்சான். சோறு ஓடிப் போயிடாது லா." பக்கத்துப் பந்தி சிரித்தது. நானும் சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்து இறங்கியது.

இங்கே மட்டும் எழுதுகிறேன். முதல் தடவை இல்லை. கார்த்திகையிலிருந்தே இப்படி. வீட்டில் விரதம் என்று சொல்லிக் கஞ்சியாகக் குடித்து வந்தேன். விரதக்காரனை யாரும் கேள்வி கேட்பதில்லை. வேட்டி இடுப்பில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுகிறது.

தை 21, ஞாயிறு
வெயில். கடை அரைநாள். கொத்தமல்லியில் கல். திருப்பி அனுப்ப வேண்டும்.

ரத்தினம் அக்காளிடம் சொல்லிவிட்டான். பாக்கியம் ஒரு தோசையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பூசம் முடிந்துவிட்டது, விரதச் சாக்கு இல்லை. இரண்டாவது விள்ளலில் மாட்டிக்கொண்டது. அவள் அழவில்லை.

"விரதம் முருகனுக்கா, என்கிட்ட மறைக்கவா?" என்றாள்.

தொண்டையில் தோசை. தண்ணீருக்குக் கை நீட்டினேன்.

தை 22, திங்கள்
காலை ரயிலில் கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ். யாழ்ப்பாணத்து டாக்டர். ரத்தினம் என் கடைக்கு வருமுன் இருந்த ரயில்வே பட்டறை ஆட்கள் எல்லாம் இவரிடம்தான். பேச்சு குறைவு, கேள்வி அதிகம்.

எரிச்சல் போய்விட்டது, விழுங்குவதுதான் கொஞ்சம் தொல்லை என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். எரிவு நின்றது எப்போது, அடைக்கத் தொடங்கியது எப்போது என்றார். ஐப்பசி, கார்த்திகை என்று என் வாயாலேயே சொன்னேன். எரிவு நின்றதும் அடைப்பு வந்ததும் ஒரே சரக்கு என்று வியாபாரிக்குத் தெரியாதா?

"புளிச்ச தண்ணி மேல வந்து வந்து சாப்பாட்டுக் குழாயைப் புண்ணாக்கும். புண் ஆறி ஆறிக் குழாய் சுருங்கும். இப்ப சோறும் இறங்காது, புளிச்சதும் ஏறாது. நீங்கள் சுகமெண்டு நினைச்சது அதைத்தான்" என்றார்.

இன்னொன்றாகவும் இருக்கலாமாம். புற்று. படம் பிடித்தால்தான் தெரியுமாம்.

வெளியே வந்து பூக்கடை ஓரம் நின்றேன். கழுத்துச் சுருக்கு இறுகியதற்கு நன்றி சொல்லவா பத்துமலை மரப்படிகளை ஏறினேன்? பாக்கியத்திடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். மீதியை முகத்தில் படித்துவிட்டாள்.

தை 25, வியாழன்
கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரி. பலத்த மழை. இருட்டறை. சுண்ணாம்பு கரைத்தது போல வெள்ளைக் கஞ்சி ஒரு குவளை, ருசி இல்லை; படத்தில் வழி தெரிவதற்காம். வெள்ளைக்காரத் துரை என்னை ஒரு பலகையோடு சேர்த்து நிற்க வைத்து விழுங்கு என்றார்.

பிறகு படத்தை விளக்கொளியில் பிடித்துக் காட்டினார்கள். என் விலா எலும்புகள். நடுவே நான் விழுங்கிய கஞ்சி, அகலமாக வந்து, அடியில் நூல் போல மெலிந்து, அதற்கும் கீழே வயிறு.

என்னவோ செய்தது. இத்தனை வருஷம் சோறு போட்ட வழி. பெற்றவள் பார்த்ததில்லை, கட்டியவள் பார்த்ததில்லை, நான் பார்த்ததில்லை. பத்துமலைக் குகைக்குள் முதல் தடவை தலை தூக்கிப் பார்த்தபோது இப்படித்தான் வாயடைத்து நின்றேன். கும்பிடக் கை போனது. துரை என்ன நினைப்பாரோ என்று இறக்கிக்கொண்டேன்.

தை 28, ஞாயிறு
யாழ்ப்பாணத்து டாக்டர் தன் வீட்டுக்கே வரச் சொன்னார். படத்தில் சுருங்கிய இடத்தின் ஓரம் வழவழப்பாக இருக்கிறதாம். புற்றென்றால் கரடுமுரடாகத் தெரியும், இது ஆறிய புண்ணின் தழும்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றார். சத்தியம் செய்ய மாட்டாராம். அகலப்படுத்தலாம், பிறகும் விடாமல் பார்த்துவர வேண்டும். அந்த 'வாய்ப்பு அதிகம்' என்ற சொல்லை ரயில் முழுக்க மென்றேன். வேறெதையும் மெல்ல முடியவில்லை.

மாசி 1, செவ்வாய்
ஆஸ்பத்திரிக் கட்டில். பட்டு நூல் விழுங்குகிறேன். பொய்யில்லை. ஒரு வாய்த் தண்ணீருக்குக் கொஞ்சம் நூல். அது தானாகவே வழி தேடி வயிற்றைத் தாண்டிக் குடலுக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளுமாம். நுனி என் கன்னத்தில் ஒட்டியிருக்கிறது. பேசினால் இழுக்கிறது.

பாக்கியம் பார்த்தாள். "இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இந்த வாய்க்கு ஒரு கயிறு கட்டுனாங்க" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

பூசத்தன்று கன்னத்தில் வேல் குத்தியவர்களைப் பார்த்து அசந்து நின்றேன். இன்று எனக்குள் ஒரு நூல், கண் இல்லாமல், இருட்டில், எனக்குத் தெரியாத வழியில் போய்க்கொண்டிருக்கிறது.

மாசி 3, வியாழன்
நூலை விறைப்பாகப் பிடித்து அதன் மேலேயே ஒரு குழலை இறக்கினார்கள். ஆலிவ் என்கிற காய் போல முனை. வலி, எழுத மாட்டேன். கொஞ்சம் ரத்தம். நூல் இல்லாமல் குத்தினால் குழாய் பொத்துப்போகுமாம். அந்த நூல்தான் வழிகாட்டி.

மாசி 5, சனி
மறுபடி ஒரு தடவை, இன்னும் பருமனான முனை. பகலில் இட்லி ஒன்று. இறங்கியது. இறங்குவது தெரிந்தது, நெஞ்சு வழியாக, மெதுவாக. இட்லிக்காகக் கண் கலங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

டாக்டர் சொன்னவை:
சரக்கைக் கடித்துப் பார்ப்பது கூடாது. (ரத்தினத்தைப் பழக்க வேண்டும். நாக்கு பரவாயில்லை, பொறுமை இல்லை.)
பொழுது சாய்ந்ததுமே சாப்பாட்டை முடிக்க வேண்டும், சாப்பிட்டதும் படுக்கக் கூடாது.
கட்டில் தலைமாட்டுக்குக் கீழே செங்கல், புளிப்பு மேலே ஏறாமலிருக்க.
சோடாவை மருந்தென்று நம்பக் கூடாது.
கடைசியாக: "எரிவு திரும்பி வரும். வந்தா வந்து சொல்லுங்கோ. வந்த எரிவு தானா நிண்டா, ஓடி வாங்கோ."

மாசி 9, புதன்
கிள்ளான். கடை. எல்லோரும் முருகன் கைவிட்டானா என்று வாயைக் கிளறுகிறார்கள். நான் கேட்டது எரிச்சல் நிற்க. நின்றது. கேட்டவன் புத்தி அவ்வளவுதான். அடைத்த கவளத்தை அத்தனை பேர் முன்னால் நிறுத்திக் காட்டியது யார்? அந்தப் பந்தியில் அடைக்காவிட்டால் சித்திரை வரை கஞ்சி குடித்தே மறைத்திருப்பேன்.

மாசி 12, சனி
வெயில். புதுச் சரக்கு வந்தது. மிளகாய் நல்ல நிறம், காம்பு சுத்தம். மூட்டை வாயைப் பிரிக்கக் குனிந்தேன். அடிநெஞ்சிலிருந்து ஏறி வந்தது, பழைய புளிப்பு, பழைய நெருப்பு, தொண்டை வரை. மூட்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். மேலே வர வழி இருக்கிறது. அப்படியென்றால் கீழே போகவும் இருக்கிறது.

உள்ளே போய்ப் பாக்கியத்திடம், "எரியுது" என்றேன்.

அவள் கரண்டியைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "எரியுதுன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறீங்களே."

திங்கட்கிழமை காலை, முதல் ரயிலில் டாக்டரிடம். செங்கல் வந்துவிட்டது.