உங்களுக்காக நின்ற இரண்டு நிமிடம்

வானத்துக்குப் போய்த் திரும்பி வந்து, ஒரு நாள் என் முன்னால் குனிந்து பேசிய என் அக்காவுக்கு,

நீங்கள் போய்விட்டீர்கள் என்று புதன்கிழமை காலை பஸ்ஸில் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் போனில் உங்கள் படம். கீழே தெலுங்கில் என்னவோ எழுதியிருந்தது. தெலுங்கு எனக்குப் பேச வரும், படிக்க வராது. படத்துக்கு மாலை போட்டிருந்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். வயதாகிவிட்டது, உடம்பும் சரியில்லாமல் இருந்தது என்று அந்தப் பெண் சொன்னாள். வேலைக்குப் போகும் வழியில் அழ முடியுமா? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கம்பெனி இருக்கும் மல்லாபூரில் இறங்கினேன்.

நான் ஏழாவது வரை படித்தவள். செகந்திராபாத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த ஒரு பள்ளிக்கூடத்தில். உங்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் எனக்கு எழுத வருவது இது ஒன்றுதான். என் மகள் நிகிதாவுக்கே இதைப் படிக்க வராது. "ஏம் ராஸ்துன்னவ் மா?" என்று எட்டிப் பார்த்துக் கேட்கிறாள். என்ன எழுதுகிறாய் என்று. அக்காவுக்கு லெட்டர் என்றேன். "உனக்கு ஏது அக்கா?" என்கிறாள்.

என்னை உங்களுக்கு நினைவு இருக்காது. எத்தனை ஊர் போயிருப்பீர்கள், எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் எங்கள் ஊருக்கு வந்த அன்று எங்களைக் காலை எட்டு மணிக்கே மைதானத்து ஓரம் வரிசையாக நிறுத்தினார்கள். கையில் காகிதக் கொடி. பத்து மணிக்கு வருவீர்கள் என்றார்கள். பன்னிரண்டாகியும் வரவில்லை. தண்ணீர் குடிக்காதே, வரிசையை விட்டு நகராதே என்று டீச்சர் சொல்லியிருந்தார்கள். பையன்கள் சுவர்ப் பக்கம் போய் வந்தார்கள். நாங்கள் எங்கே போவது? எனக்கு அடிவயிறு கல்லாகிவிட்டது.

ஜீப்பிலேயே போய்விடுவீர்கள் என்று நினைத்தோம். நீங்கள் இறங்கி நடந்து வந்தீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் கைகொடுத்து, என்ன கேட்கணுமோ கேள் என்று ஹிந்தியில் சொன்னீர்கள். எனக்கு முன்னால் நின்றவள் டீச்சர் எழுதிக்கொடுத்ததை ஒப்பித்தாள், மேலே இருந்து நம் நாடு எப்படித் தெரிந்தது என்று. எனக்கும் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது மறந்துபோயிற்று. மனதில் இருந்தது ஒன்றுதான், எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன்.

"மேடம், மேலே ஒண்ணுக்கு வந்தா எங்கே போவீங்க?"

டீச்சரின் நகம் என் தோளில் இறங்கியது. சுற்றி நின்ற பெரியவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. குனிந்து என் முகத்துக்கு நேராக வந்து ஹிந்தியில் பதில் சொன்னீர்கள். "அதுக்கு ஒரு குழாய் இருக்கு, காத்து இழுத்துக்கும். முதல்ல ஆம்பளைங்களுக்குத்தான் செஞ்சு வெச்சிருந்தாங்க. எங்களுக்கும் வேணும்னு கேட்டோம். செய்யற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தோம்." அப்புறம் மெதுவாக, "உனக்கு இப்போ போகணுமா?" என்றீர்கள்.

தலையாட்டினேன். "வேற யாருக்குப் போகணும்?" என்று வரிசையைப் பார்த்துக் கேட்டீர்கள். பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கொடியோடு கையைத் தூக்கினார்கள். கடைசி வரை தூக்கினார்கள். நீங்கள் பக்கத்தில் நின்ற ஆபீசரிடம் திரும்பி, இந்தப் பிள்ளைகளுக்கு இடம் எங்கே என்று கேட்டீர்கள். அவர் இன்னொருவரைப் பார்த்தார். அவர் வேறொருவரைப் பார்த்தார். கடைசியில் யாரோ ஓடிப்போய்ச் சாவி கொண்டுவந்து, ஆபீஸ் பின்னால் இருந்த ஒரு கதவைத் திறந்தார்கள்.

மறுநாள் பேப்பரில் உங்கள் படம் வந்தது. வெட்டி, டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் விமானம் ஓட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். எனக்கு அந்த ஆசை வரவில்லை. உங்களை மாதிரி நானும் ஒரு ஆபீசர் முகத்தைப் பார்த்து, இடம் எங்கே என்று கேட்கிற ஆளாக வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஆகவில்லை அக்கா.

மருந்து பாட்டிலுக்கு மூடி செய்யும் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறேன். வீட்டில் நானும் நிகிதாவும்தான். கம்பெனியில் பெண்களுக்கு இரண்டு பாத்ரூம் கட்டினார்கள். ஒன்றில் இப்போது அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். இன்னொன்றில் பூட்டு. திறந்து விட்டால் உள்ளே போய்ப் போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோமாம். சாவி, நர்சிங் என்கிற சூப்பர்வைசரின் மேசையில். தொலைந்துபோகக் கூடாது என்று ஒரு முழ நீள பிளாஸ்டிக் பைப்பில் கட்டி வைத்திருக்கிறார். அதைத் தூக்கிக்கொண்டு மெஷின் ஓட்டும் ஆண்கள் முன்னால் நடக்க வேண்டும். "பைப் போகுது" என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் சிரிப்பான். அதற்குப் பயந்து பாதிப் பேர் தண்ணீரே குடிப்பதில்லை.

எனக்கு எதிரில் நின்று வேலை செய்பவர் ஃபாத்திமா ஆப்பா. உருதுக்காரர்கள் அக்காவை ஆப்பா என்பார்கள். அறுபதை நெருங்கிவிட்டார், சர்க்கரை இருக்கிறது. எனக்கு வேலை கற்றுக் கொடுத்ததும் அவர்தான், காய்ச்சல் வந்தால் என் பங்கையும் சேர்த்துப் பேக் செய்வதும் அவர்தான்.

வியாழக்கிழமை மதியம் பேக்கிங் லைனை நிறுத்தினார்கள். உங்கள் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஸ்டூலில் வைத்து மாலை போட்டிருந்தார்கள். மேனேஜர் பேசினார். பெண்களால் முடியாதது எதுவும் இல்லையாம், வானமே எல்லை இல்லையாம். நானும் கைதட்டினேன். உங்களைப் பற்றிப் பேசுகிறாரே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் இரண்டு நிமிடம் மௌனம் என்றார்.

ஆப்பா நர்சிங்கைப் பார்த்துக் கையால் சாவி கேட்டார். அவர் கண்ணாலேயே இருங்கள் என்றார். ஆப்பா இன்னொரு தடவை கேட்டார். அவர் உங்கள் படத்தைக் காட்டி, வாயில் விரல் வைத்தார்.

நான் ஆப்பாவுக்கு எதிரிலேயே நின்றிருந்தேன் அக்கா. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். பிறகு தரையில் சொட்டும் சத்தம் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது, ஏனென்றால் எல்லோரும் மௌனமாக நின்றிருந்தோம்.

மௌனம் முடிந்ததும் நர்சிங், "ஆப்பா, முந்தியே போயிருக்கக் கூடாதா?" என்றார். ஆப்பா ஒரு அட்டையைக் கிழித்து, உட்கார்ந்து, தரையை அவரே துடைத்தார். துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார். நான் நின்ற இடத்தில் நின்றேன். மறுபடி லைன் ஓடியது. மூடிகளை எடுத்து எடுத்துப் பெட்டியில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"திங்கக்கிழமை வாங்க ஆப்பா."

"நக்கோ கஸ்தூரி. வேணாம். அந்த மேசைகிட்ட மறுபடி எப்படி நிப்பேன்?"

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"ஹவ், ஆமா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அன்னைக்கும் சொல்லலையே. நீயும் அங்கேதானே நின்னே?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அன்றைக்கு நீங்கள் திறக்கச் சொன்ன கதவு பத்து நிமிடம்தான் திறந்திருந்தது. உங்கள் ஜீப் வளைவில் திரும்பியதும் பூட்டிவிட்டார்கள். எனக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். என் சிநேகிதி மீனா பாவாடை நனைந்து வீட்டுக்குப் போனாள், அதற்கு அவள் அம்மாவிடம் அடியும் வாங்கினாள். இத்தனை வருஷமாக உங்கள் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், இந்தப் பாதியை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. என் அக்காவைக் குறைவாக நினைத்துவிடுவார்களே என்று. கேட்டீர்கள், திறந்தார்கள், கிளம்பிவிட்டீர்கள். கொஞ்ச நேரம் நின்றிருக்கக் கூடாதா? ஒருவேளை உங்களையும் யாரோ அவசரப்படுத்தினார்களோ?

நேற்று சனிக்கிழமை, ஷிப்ட் முடியும் நேரம். சாவி வாங்கிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது பைப்பை மட்டும் நர்சிங் மேசையில் வைத்தேன். பூட்டையும் சாவியையும் டிபன் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். டிக்கெட் வாங்க பர்ஸைத் திறக்க முடியவில்லை.

இன்று காலை நர்சிங்கிடமிருந்து போன் வந்தது.

"கஸ்தூரம்மா, பூட்டு எங்கே?"

"எங்க வீட்டுல இருக்கு சார்."

"ஏன்? பூட்டு வீட்டுக்கு எதுக்கும்மா?"

"கதவு திறந்திருக்கணும்னுதான் சார்."

"மேனேஜர் வேற பூட்டு வாங்கிப் போடுவாரு. அப்ப என்ன பண்ணுவீங்க?"

"அதையும் கழட்டுவேன்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் யாருக்கும் சொல்லல. காலையில வந்ததும் சத்தமில்லாம மாட்டிடுங்க. உங்க வேலைக்கு நல்லது" என்றார். கெட்டவர் இல்லை அவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபம்.

நிகிதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஜாப் போத்துந்தி மா," வேலை போய்விடும் என்று கத்தினாள். என் காலேஜ் என்ன ஆவது என்றாள். நியாயம்தானே? ஆப்பாவுக்கு நடந்ததைச் சொன்னேன், நான் சும்மா நின்றதையும் சொன்னேன். நிகிதா எழுந்து உள்ளே போனாள். பிறகு ஒரு தாளை எடுத்துவந்து, "சொல்லு, தெலுங்குல நான் எழுதறேன்" என்றாள். மூன்று விஷயம் சொன்னேன். பூட்டுப் போடக் கூடாது. இன்னொரு பாத்ரூமில் இருக்கும் அட்டைப்பெட்டியை எடுக்க வேண்டும். மேனேஜர் ஆப்பாவிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அடியில் என் பெயரை நானே தமிழில் எழுதினேன். லைனில் இரண்டு பேரிடம் போனில் கேட்டேன். ஒருத்தி காலையில் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். இன்னொருத்தி நேரில் பேசலாம் என்றாள், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஆப்பாவுக்கும் போன் செய்தேன். நாளைக்கு எட்டு மணிக்குக் கம்பெனி கேட்டில் நிற்கிறேன், சேர்ந்தே உள்ளே போகலாம் என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, நக்கோ என்றும் சொல்லவில்லை.

அவர் வந்தாலும் வராவிட்டாலும் நாளைக்கு அந்தத் தாளை மேனேஜர் கையில் கொடுப்பேன் அக்கா. பூட்டைக் கொடுக்க மாட்டேன். வேலை போனால் இன்னொரு கம்பெனி தேட வேண்டும். அங்கேயும் முதல் நாளே, சம்பளம் பேசுவதற்கு முன்னால், பெண்களுக்கு இடம் எங்கே, சாவி யாரிடம் என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன். எனக்குப் பயம் போகவில்லை. பயத்தோடுதான் சொல்கிறேன், இது உங்களுக்கு நான் செய்து தரும் சத்தியம்.

உங்கள் தங்கை,
கஸ்தூரி
பேக்கிங் லைன், மல்லாபூர்