மஞ்சள் வைத்த வெள்ளை உடுப்பு

ஜூன் 9, ஞாயிறு

கராத்தே வகுப்பில் சேர்ந்துவிட்டேன். எழுதும்போதே சிரிப்பு வருகிறது. இந்த வயதில் எதற்கு?

போன வாரம் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது இடுப்புப் பிடித்து இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். பக்கவாதம் வந்த மனுசன் என்னைப் பார்த்து, "அடிபட்டுருச்சா ராஜாத்தி?" என்று கேட்கிறார். "ஆளு வச்சுக்குவம் மதினி" என்கிறார் கொழுந்தனார். மாட்டேன். அவரை நான்தான் தூக்குவேன்.

சொல்லித்தருகிற ஜெஸ்லின் சின்னப் பெண். கம்பம் டவுனில் கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் வகுப்பு. "மொதல்ல நிக்கப் பழகுங்கக்கா. தெனம் பத்து நிமிசம் போதும். ஒரேயடியா செஞ்சு ஒரேயடியா விட்டுறாதீக."

ஜூன் 16, ஞாயிறு

உடுப்பு வந்தது. முழு வெள்ளை. அத்தை அதைத் தொடவே இல்லை. "எம்மகன் இருக்கயில நீ வெள்ளை உடுத்துவியா?"

இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

"மஞ்சளத் தடவிக் குடு ஆத்தா" என்றார் அவர், குழறிக் குழறி. அத்தை மஞ்சளைக் குழைத்துக் கழுத்தோரத்தில் வைத்தார். புதுத்துணிக்கு வைப்பதுதானே.

ஜூன் 23

"சாம்பார் கொட்டிருச்சாக்கா?" என்றாள் ஜெஸ்லின். ஆமாம் என்றேன்.

ஜூலை 11

சோறு வேகும் நேரத்தில் அடுப்படியிலேயே காலை அகட்டி முட்டியை மடக்கி நிற்கிறேன். தொடை நடுங்குகிறது.

துவைக்கத் துவைக்க மஞ்சள் வெளுக்கிறது. காய்ந்ததும் அத்தை மறுபடி வைத்துவிடுகிறார். ஒரு தடவைகூட மறந்ததில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தூக்கிவிட்டேன்! முட்டியை மடக்கி, அவரை நெஞ்சோடு அணைத்து, வாசல் நாற்காலி வரைக்கும். குமுளி போகிற ஜீப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி அவர் ஓட்டிய ரோடு.

"என்னைய அடிக்கப் படிக்கறன்னுல நெனச்சேன்" என்றார். அத்தைகூடச் சிரித்தார்.

செப்டம்பர் 19

அவருக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. தேனி ஆஸ்பத்திரி. இங்கே என்னைத் தூக்க விடமாட்டேன் என்கிறார்கள். நான் தூக்குவேன் என்று எத்தனை தரம் சொன்னேன் — யார் கேட்டாக?

செப்டம்பர் 27

போய்விட்டார்.

அக்டோபர் 20

விடிந்ததும் கட்டில் பக்கம் போய் முட்டியை மடக்கிவிட்டேன். யாரைத் தூக்க? இவ்வளவு பலத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நவம்பர் 24, ஞாயிறு

நேற்று ஜெஸ்லின் வீட்டுக்கு வந்தாள். "சும்மா வந்து நில்லுங்கக்கா, போதும்" என்றாள். உடுப்பைத் துவைத்துப் போட்டேன்.

காலையில் கொடியிலிருந்து அத்தைதான் எடுத்தார். கழுத்தோரத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். அடுப்படிக்குப் போனார். மஞ்சள் டப்பா திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். தண்ணீர் மொண்டு குடிக்கிற சத்தம்தான் கேட்டது. திரும்பி வந்து உடுப்பை மடித்து என் கையில் கொடுத்தார்.

"போயிட்டு வா ஆத்தா."

மாடியில் ஜெஸ்லின் என் கழுத்தோரத்தைப் பார்த்தாள். "கறை போயிருச்சேக்கா."

ஆமாம் என்றேன். முட்டியை மடக்கி நின்றேன்.