மூணாம் நம்பர் அக்காவுக்கு ஒரு பின்னூட்டம்

என் அன்பான அக்கா,

இந்த ‘அக்கா’வை உங்களுக்கு இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். இத்தனை வருஷமாக ‘அண்ணே, அண்ணே’ என்று கத்தினேனே! நான் மட்டுமா? நம்ம சினிமாப் பதிவர் கூட்டமே அப்படித்தானே கத்தியது. ஒரு தடவையாவது திருத்தினீர்களா? எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

உங்கள் வலைப்பூவுக்குப் பெயர் ‘மூணாம் நம்பர் மலை’. தேயிலை மலைகளை நம்பர் போட்டுக் கூப்பிடுவது இங்கே எல்லாத் தோட்டத்திலும் உள்ளதுதான். றொசல்லைப் பக்கம் என்று ஒரு தடவை சொன்னீர்கள். கொழுந்து சீசனில் மூச்சு விட நேரமில்லை என்பீர்கள். அதை வைத்து உங்களைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். நம்ம கூட்டத்துப் பட்டிப்பொலக்காரன் ஒரு படமே வரைந்து போட்டானே, ஞாபகம் இருக்கிறதா? பெரிய மீசை, அரைக்கால் சட்டை, கையில் குடை. நீங்களும் அதுக்குக் கீழே ஒரு இதயத்தைப் போட்டுவிட்டுப் போனீர்கள். எப்படிச் சிரித்திருப்பீர்கள்!

நான் தலவாக்கலையில் துணிக்கடையில் நிற்கிறவன். ரயில் ஏறினால் உங்கள் ஊர் என்ன தூரம்? “ஹட்டன்ல சேர்ந்து ஒரு படம் பாப்போம் அண்ணே” என்று கேட்டால், “சீசன் முடியட்டும் தம்பி” என்று எழுதுவீர்கள். சீசன் முடியும், அடுத்தது வரும். நாம் பார்த்துக்கொள்ளவே இல்லை.

இதைப் படிக்கிற வெளியாட்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன் அக்கா, கோபிக்காதீர்கள். நம்ம கூட்டத்தில் ஒருவர் விமர்சனம் போட்டதும் முதல் பின்னூட்டம் போடுகிறவர் ‘வடை எனக்கு!’ என்று எழுதவேண்டும். பழைய பதிவர்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். ஊரெல்லாம் வலைப்பூவை மூடிவிட்டு வீடியோவுக்குப் போய்விட்டது. நாங்கள் கொஞ்சப்பேர் இன்னமும் வடைக்கு அடித்துக்கொள்கிறோம்.

உங்கள் லயத்து வீட்டில் சிக்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தாங்கி மேட்டில் ஏறினால்தான் இரண்டு கோடு காட்டும். அதனால் எழுதியதையெல்லாம் மொத்தமாக ஏற்றி, வெள்ளிக்கு ஒன்று தானாக வெளிவரும்படி நேரம் குறித்துவிட்டு இறங்கிவிடுவீர்கள். பின்னூட்டங்களுக்குப் பதிலும் ஞாயிற்றுக்கிழமைதான். சீசன் நேரத்தில் சில ஞாயிறு அதுவும் இருக்காது. எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

அதுதான் எங்கள் கண்ணைக் கட்டிவிட்டது. நீங்கள் போன பிறகும் வெள்ளிக்கிழமை வந்தது. உங்கள் விமர்சனமும் வந்தது. ‘வடை எனக்கு!’ என்று குதித்துக்கொண்டு எழுதினேன் அக்கா. அடுத்த வெள்ளியும் ஒன்று வந்தது. எனக்குப் பிடித்த படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தீர்கள். எனக்கு வந்த கோபத்தில் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினேன். ஞாயிறு போனது, பதில் இல்லை. “என்னா அண்ணே, பயந்துட்டீங்களா? மீசைய எறக்குங்க” என்று மறுபடியும் சீண்டினேன்.

அப்போது உங்கள் பெயரிலேயே ஒரு பதில் வந்தது. “நான் அவங்க மகள். அம்மா எறந்துட்டாங்க.”

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சிரித்தோம். ‘அண்ணன் படம் காட்டுறாரு’ என்று ஒருவர். ‘யாரோட அம்மா? கதையில ட்விஸ்டு பலமா இருக்கே’ என்று பட்டிப்பொலக்காரன். நானும் கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற பொம்மையைத்தான் போட்டேன். ஒரு பிள்ளை, பெத்த தாயைப் பறிகொடுத்துவிட்டு, எங்கள் சிரிப்பை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் ஒரு செய்தியின் படத்தைப் போட்டாள். மூன்றாம் இலக்க மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களைக் குளவி கொட்டியது, ராஜேஸ்வரி என்ற பெண் தொழிலாளி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் வழியில் உயிரிழந்தார் என்று.

அந்தச் செய்தியை நான் முன்னமே படித்திருந்தேன். கடையில் சாயத் தேத்தண்ணி குடித்துக்கொண்டே படித்து, ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டு, அடுத்ததைப் பார்க்கப் போய்விட்டேன். மூன்றாம் இலக்க மலை என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எந்தத் தோட்டத்தில்தான் மூணாம் நம்பர் மலை இல்லை? எனக்குத் தெரிந்தது மீசை வைத்த அண்ணனை. செத்தது யாரோ ஒரு அக்கா. எப்படி அக்கா எனக்குத் தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமை கருமாதி என்று மகள் சொன்னாள். முதலாளி ஹாஜியாரிடம் லீவு கேட்டேன். “யாரு மவுத்து?” என்றார். “அக்கா” என்றேன். “ஒங்களுக்கு அக்கா இருக்காங்கன்னு சொல்லவே இல்லியே தம்பி” என்றார். எனக்கே அப்போதுதான் தெரியும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

உங்கள் முகத்தை முதல் தடவையாக நான் பார்த்தது மாலை போட்ட படத்தில். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். நெற்றியில் பொட்டு, இறுக்கிச் சீவிய தலை, என்னமோ சொல்ல வாய் எடுத்த மாதிரி ஒரு முகம். நான் செருப்பைக் கழற்றாமலே நின்றுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. யாரோ காலைக் காட்டினார்கள்.

“இடைவேளையா நீங்க?” என்று மகள் வந்து கேட்டாள். என் வலைப்பூவின் பெயரைச் சொல்லி என்னை ஒருவர் நேரில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“ஆமாம்மா.”

“நீங்கதான் எப்பவும் அம்மாகூட சண்டை போடுறவங்க.”

“மன்னிச்சிக்கம்மா, அன்னைக்கு நாங்க சிரிச்சது...” என்று இழுத்தேன்.

“அம்மாவா இருந்தாலும் சிரிச்சிருக்கும்” என்றாள் உங்கள் யசோ. “மலையிலேர்ந்து வந்து கூடைய எறக்கி வச்சோன்ன மொத பேச்சு ஒங்களப் பத்தித்தான். ‘இந்த இடைவேளைப் பயலுக்கு என்னா குடுக்கலாம்’னு கேட்டுக்கிட்டே அடுப்ப மூட்டும்.”

ஏன் பொம்பளை என்று சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“நானும் கேட்டேன். அதுக்கு அம்மா, ‘அண்ணேன்னு நெனச்சா சண்டைக்கு வாரானுங்க. அக்கான்னு தெரிஞ்சா சாப்டீங்களான்னு கேட்டுட்டுப் போயிருவானுங்க’ன்னு சொல்லிச்சு.”

அக்கா, இது என்ன அடி! செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் அது பொய் இல்லை. மற்றப் பெண் பதிவர்களுக்கு நாங்கள் என்ன எழுதுகிறோம்? ‘அருமை சகோதரி’, ‘வாழ்த்துக்கள்’. அதோடு சரி.

அப்புறம்தான் யசோ தயங்கித் தயங்கிச் சொன்னாள். “இன்னும் ஒன்னு பாக்கி இருக்கு. நேரம் குறிச்சு வச்சது. வார வெள்ளிக்கெழம தானா வந்துரும். அப்பா வேணாங்குறாரு. செத்தவங்க எழுதுனது இப்ப வெளிய வந்தா நல்லாருக்காதாம். அழிச்சுறவா மாமா?”

மாமா! நான் அவளையே பார்த்தேன். “அம்மா ஒங்கள தம்பின்னுதானே எழுதும். அப்ப நீங்க எனக்கு மாமாதானே” என்றாள்.

உங்கள் வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து வந்தவர், மொட்டைத் தலையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் யார் என்று கேட்டால் என்ன சொல்வேன்? நல்ல வேளை, கேட்கவில்லை.

“மச்சான், அத அழிக்கச் சொல்லாதீங்க” என்றேன். “அவங்க எழுதி வச்சத நாங்க படிக்கணும்.”

“நான் கொழும்புல கெடந்தேன். அவ எழுதுவான்னே எனக்குத் தெரியாது” என்றார். பிறகு அவரே கேட்டார், “அதுல என்னாதான் எழுதியிருக்கா?”

“எந்தப் படம்னு மட்டும் யசோ சொல்லுச்சு. மத்தது வந்தாத்தான் தெரியும்.”

“வரட்டும்” என்றார். “வந்தா எனக்கும் வாசிச்சுக் காட்டுங்க.” அப்படிச் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன் அக்கா. பார்த்தே இராத ஆளுக்காக அப்படி அழமுடியும் என்று எனக்குத் தெரியாது.

எந்தப் படம் என்று உங்களுக்குத் தெரியும். வருஷக்கணக்காக நாம் அடித்துக்கொண்ட அதே படம்தான். காணாமல் போன புருஷன் திரும்பி வந்து கதவைத் தட்ட, அவள் திறக்காமல் நிற்பாளே. அவள் திறந்திருக்கவேண்டும் என்பது என் கட்சி. ஏன் திறக்கவேண்டும் என்பது உங்கள் கட்சி. கடைசி வார்த்தையை நீங்களே வைத்துக்கொண்டு போய்விட்டீர்கள், கெட்டிக்காரி!

கூட்டத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பட்டிப்பொலக்காரன் போனில் குலுங்கிக் குலுங்கி அழுதான். மீசைப் படத்தை எடுத்துவிடவா என்று கேட்டான். “வேணாம், அது அவங்களுக்குப் பிடிச்ச படம்” என்று சொல்லிவிட்டேன். ஆழ்ந்த இரங்கல், கண்ணீர் அஞ்சலி எதையும் வெள்ளிக்கிழமை யாரும் அங்கே எழுதக்கூடாது என்றும் பேசி வைத்திருக்கிறோம். அழுகிறவர்கள் இந்தக் கடிதத்துக்குக் கீழே அழட்டும்.

நான் கிளம்பும்போது யசோ வாசல்வரை வந்தாள். “சாப்டீங்களா மாமா?” என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை வடை அவளுக்கு. பள்ளிக்கூடம் விட்டதும் தண்ணீர்த் தாங்கி மேட்டுக்கு ஏறுவதாகச் சொல்லியிருக்கிறாள், அதுவரை ஒருவரும் வாய் திறக்கமாட்டோம். இரண்டாவது ஆளாக நான் வருவேன். நேற்று அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தேன். இப்பவும் சொல்கிறேன், அவள் கதவைத் திறந்திருக்கத்தான் வேண்டும், நீங்கள் சொன்னது தப்பு. அதையேதான் அங்கே எழுதுவேன், ஒரு வரி குறைக்காமல். அதற்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஆனால் சத்தியம் அக்கா, உங்களிடம் ‘சாப்டீங்களா’ என்று மட்டும் கேட்கமாட்டேன்.

உங்கள் சண்டைக்காரத் தம்பி,
யசோவின் தாய்மாமன்,
‘இடைவேளை’